மலம் என்று பெயர் பெற்ற நீல விண்மீன்

தை முடிந்து மாசி பிறக்கும் நாட்களில், இரவு எட்டு மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். ஓரையன் என்ற வேட்டைக்காரன் உச்சிக்குச் சற்றுத் தெற்கே நின்றிருப்பான். இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்கள், அதற்குக் கீழே இரண்டு கால்கள். மேற்குக் கால் பளீரென்ற ரைஜெல். கிழக்குக் கால் கொஞ்சம் அடங்கிய சைஃப். சைஃபிலிருந்து நேர் தெற்காகக் கண்ணை இறக்குங்கள். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறத்தாழ பத்து பாகை. இரண்டு முஷ்டிக்குச் சற்று அதிகமாக இறங்கினால் ஃபாக்ட், வாசன் என்று நடுத்தர வெளிச்சத்தில் இரண்டு விண்மீன்கள் தென்படும். அவற்றுக்குக் கொஞ்சம் மேலே, முக்கோணத்தின் மூன்றாவது முனையாக ஒரு மங்கல் புள்ளி. ஃபாக்டைவிடப் பத்து மடங்கு மங்கல். தெருவிளக்கு வெளிச்சம் இருந்தால் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. சாதாரண பைனாகுலர் போதும்.

மேலைநாட்டு அட்டவணைகளில் இதற்கு மியூ கொலம்பே என்று பெயர். புறா மண்டலத்தில் மியூ என்ற கிரேக்க எழுத்தைப் பெற்றது என்பதற்கு மேல் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. சீன மரபில் இதன் பெயர் ஷி. பொருள், மலம். மறைக்காமல் சொன்னால், பீ.

இந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் அந்தப் பெயரை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, அரசவையில் வானத்தைக் கவனிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் முழுக் கவனத்தோடு வைத்த பெயர் அது. ஏன் வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால், அவர்கள் வானத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது முழுவதுமே திறந்துகொள்கிறது.

முதலில் சுற்றுப்புறத்தைப் பார்ப்போம். ஓரையனின் காலடியில், மேலைநாட்டார் முயல் என்று பார்த்த இடத்தில், நான்கு விண்மீன்கள் ஒரு கோணல் சதுரமாக இருக்கின்றன. சீனர்களுக்கு அந்த நான்கும் சேர்ந்து 'வானத்துக் கழிப்பறை'. அதற்கு மேற்கே இரண்டு விண்மீன்கள் 'திரை'. கழிப்பறைக்குத் தெற்கே தன்னந்தனியாக ஒன்று, அதுதான் ஷி. திரை, கழிப்பறை, மலம் மூன்றும் வானத்தில் பக்கம் பக்கமாக, வீட்டுக் கொல்லைப்புறத்தில் எந்த ஒழுங்கில் இருக்குமோ அதே ஒழுங்கில் இருக்கின்றன.

கழிப்பறைக்கு மறைப்பு வேண்டும் என்று நினைத்து அதற்கென்றே இரண்டு விண்மீன்களை ஒதுக்கியவர்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது. இது ஒரு தடவை மட்டும் நடந்ததும் இல்லை. வானத்தின் வேறொரு பக்கத்தில், மேலைநாட்டார் திமிங்கலம் என்று சொல்லும் பகுதியில், இன்னொரு கழிப்பறை உண்டு. அதன் பெயரிலுள்ள சொல்லுக்குப் பன்றிக் கொட்டில் என்றும் பொருள். அதற்கும் முன்னால் ஏழு விண்மீன்கள் கொண்ட ஒரு நீண்ட திரை, வளைந்து மறைத்தபடி நிற்கிறது. இரண்டு கழிப்பறை, இரண்டு திரை.

பெயருக்குள் ஒரு சொல் விளையாட்டும் ஒளிந்திருக்கிறது. மலத்தைக் குறிக்கும் சீன எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் மேலே உடலைக் குறிக்கும் வடிவம், அதன் கீழே அரிசியைக் குறிக்கும் வடிவம். உடலுக்குக் கீழே அரிசி: உண்டது வெளியேறுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. ஆனால் மிகப் பழைய நூல்களில் இந்த விண்மீனை அந்த எழுத்தால் எழுதவில்லை. அம்பைக் குறிக்கும் எழுத்தால் எழுதினார்கள். இரண்டு சொற்களுக்கும் ஓசை ஒன்று, ஷி. ஆகவே 'வான மலம்' என்ற பெயர் ஏட்டில் 'வான அம்பு' என்று காட்சி தருகிறது. ஹான் காலத்தவரான சீமா சியான் எழுதிய வரலாற்றுப் பதிவேட்டிலேயே இந்த வழக்கத்துக்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. லியன் போ என்ற கிழத் தளபதி இன்னும் போருக்குத் தகுதியானவர்தானா என்று பார்த்துவர ஒரு தூதனை அனுப்புகிறார்கள். திரும்பி வந்தவன், தளபதி நன்றாகச் சாப்பிடுகிறார், ஆனால் என்னோடு உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் மூன்று முறை 'அம்பு விட்டார்' என்கிறான். அதாவது, வெளிக்குப் போய்விட்டார். அத்தோடு அவருக்கு அழைப்பு வராமல் போயிற்று.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்வதை இடக்கரடக்கல் என்கிறோம். மலம் கழித்து வந்ததை 'கால் கழுவி வந்தேன்' என்பது பள்ளிக்கூடப் பாடத்து உதாரணம். சீனத்தில் நடந்தது ஓசை ஒற்றுமையால் எழுத்தைக் கடன் வாங்கியது என்றாலும், ஏட்டைப் பார்ப்பவர் கண்ணுக்கு விளைவு அதேதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விண்மீன் பட்டியல்களோ இன்னும் ஒரு படி தள்ளிப்போய், 'உடல் சுரப்பு' என்பதுபோல ஒரு சொல்லைப் போட்டு வைத்திருக்கின்றன. அந்தச் சொல்லைப் படிப்பவருக்கு அங்கே கழிப்பறை ஏன் இருக்கிறது என்பதே புரியாது.

அம்பு என்ற எழுத்து இன்னொரு குழப்பத்துக்கும் இடம் கொடுத்தது. அதே பகுதியில், கொஞ்சம் கிழக்கே, உண்மையாகவே வில்லும் அம்பும் கொண்ட ஒரு சீன விண்மீன் கூட்டம் இருக்கிறது. அந்த அம்பு, ஓநாய் என்று அவர்கள் அழைத்த சிரியஸைக் குறிவைத்து நிற்கிறது. அந்த அம்பு வேறு, இந்த 'அம்பு' வேறு.

ஏன் வானத்தில் கழிப்பறை? சீனத்தில் விண்மீன் கூட்டத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலேயே பதில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'விண்மீன் அதிகாரி'. சீமா சியான் தன் பதிவேட்டின் 27ஆம் அத்தியாயத்தில் வானத்தை விவரிக்கிறார்; அதன் தலைப்பு, 'வானத்து அதிகாரிகள்'. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹான் பேரரசின் தலைமை வானவியல் அதிகாரியாக இருந்தவர் அவர். அவருக்கு வானம் ஓர் அரசு. வடதுருவத்தைச் சுற்றி அரண்மனை, அதில் பேரரசர், பட்டத்து இளவரசர், அரசவை. வெளியே நகரம், சந்தை, தானியக் களஞ்சியம், சமையலறை, சிறைச்சாலை. ஒவ்வொன்றும் ஒரு பதவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு. கிரேக்க வானத்தில் வீரர்களும் விலங்குகளும் கதைகளாக அலைகிறார்கள். சீன வானத்தில் நிர்வாகம் நடக்கிறது. ஒரு நாட்டை நடத்த எதெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் அங்கே இருந்தாக வேண்டும். கழிப்பறை இல்லாமல் எந்த ஊரும் நடக்காது.

இந்த அரசின் ஆள்பட்டியல் ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. மூன்று பழைய மரபுகள் தனித்தனியாக விண்மீன்களுக்குப் பெயர் வைத்திருந்தன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் சென் ஜுவோ என்ற அரசவை வானவியலாளர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார். 283 கூட்டங்கள், 1,464 விண்மீன்கள் என்று கணக்கு நின்றது. வடமேற்குச் சீனத்தின் துன்ஹுவாங் குகைகளில் மூடிக் கிடந்த ஏடுகளுக்கு நடுவே கிடைத்த ஏழாம் நூற்றாண்டு வான வரைபடம் இந்த மரபில் வந்தது. அதில் 1,300க்கு மேற்பட்ட விண்மீன்கள் மையால் குறிக்கப்பட்டிருக்கின்றன. மூன்று மரபுகளையும் பிரித்துக் காட்ட வெவ்வேறு நிறம். 1907இல் ஆரல் ஸ்டைன் என்ற தொல்லியல் ஆய்வாளர் அங்கிருந்து வாங்கிக்கொண்டு போன சுருள்களில் ஒன்று அது. இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சூசோ நகரில் 1247இல் கல்லில் செதுக்கிய வான வரைபடம் இன்றும் நிற்கிறது. புறாவுக்கு வருவோம். நோவாவின் புறா என்று ஐரோப்பியர் ஒரு மண்டலத்தை வகுத்தது 1592இல், பெட்ரஸ் பிளாங்கியஸ் என்ற டச்சு வரைபடக்காரர் கையால். அப்போது சீனக் கழிப்பறைக்கு வயது ஆயிரத்து அறுநூறைத் தாண்டியிருந்தது.

இந்தக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அரண்மனைக்குள் இல்லை. ஓரையனைச் சீனர்கள் ஷென் என்ற 'மனை'யாகக் கொண்டார்கள். நிலவின் பாதையை ஒட்டிய 28 மனைகளில் ஒன்று, மேற்குத் திசையின் காவல் விலங்கான வெள்ளைப் புலியைச் சேர்ந்தது. மேற்கு அவர்களுக்குப் போரின் திசை. ஓரையனின் பட்டைக்குக் கீழே வாளாகத் தொங்கும் விண்மீன்களுக்கு 'ஃபா' என்று பெயர், தண்டித்தல் அல்லது தாக்குதல் என்ற பொருளில். வெட்டி வீழ்த்தும் காரியம் அதன் பொறுப்பு என்கிறார் சீமா சியான். அதைச் சுற்றி ஒரு படை முகாம் விரிகிறது. கொடிகள், படைவீரர் சந்தை, சந்தைக்குள் ஒற்றை விண்மீனாக ஒரு காட்டுக்கோழி. ரைஜெலுக்குப் பக்கத்தில் 'பச்சைக்கல் கிணறு', சமையலுக்குத் தண்ணீர் தருவது. அதற்குத் தென்கிழக்கே 'படைக் கிணறு'. இந்தக் கிணற்றின் பெயருக்கு ஜின் வம்ச வரலாற்றின் வானவியல் பகுதி ஒரு வாக்கியத்தைக் காரணமாகச் சொல்கிறது: படைக்குக் கிணற்றில் தண்ணீர் கிடைக்கும் வரை தளபதி தனக்குத் தாகம் என்று வாய் திறக்கக் கூடாது. இப்படி ஒரு முகாமை வானத்தில் கட்டியவர்கள், ஆயிரக்கணக்கான வீரர்கள் தங்கும் இடத்தில் கழிப்பறையை மறந்திருந்தால்தான் ஆச்சரியம்.

முகாமுக்குத் தெற்கே ஒரு குடும்பமும் இருக்கிறது. ஃபாக்டும் அதன் பக்கத்து விண்மீனும் சேர்ந்து 'முதியவர்'. வாசனும் அதன் துணையும் 'மகன்'. இன்னும் மங்கலான இரண்டு 'பேரன்'. மூன்று தலைமுறை வரிசையாக நிற்க, அவர்கள் தலைக்கு மேலே நம்முடைய ஷி.

இனி, இந்த அதிகாரியின் பொறுப்பு. ஜின் வரலாறு அதை ஒரே வரியில் சொல்கிறது: வானத்துக் கழிப்பறை, உலகத்தின் நோய்களைக் கவனிக்கும் இடம். சீமா சியான் ஷியைப் பற்றி எழுதியது அதைவிடச் சுருக்கம். கழிப்பறைக்குக் கீழே ஒரு விண்மீன். அது மஞ்சளாக இருந்தால் நல்லது, நீலமாகவோ வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருந்தால் கேடு.

இந்த வரியை முதலில் படித்தபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது கைக்குழந்தை இருக்கும் வீடுதான். காலையில் துணியை மாற்றும் அம்மா, பாட்டி இருவரும் முதலில் பார்ப்பது நிறத்தை. மஞ்சளாகப் போயிருந்தால் நிம்மதி. பச்சையாகவோ வெளுத்தோ கறுத்தோ இருந்தால் கவலை, உடனே வைத்தியம். சீமா சியானின் வரி அந்தக் கண்தான். அதை ஒரு குழந்தைக்குப் பதிலாக ஒரு பேரரசு முழுவதற்கும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் நோய்த்தடுப்புத் துறைகள் கழிவுநீரைச் சோதித்து ஊரில் என்ன தொற்று பரவுகிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டன. கோவிட் காலத்தில் அந்த முறை நம் காதிலும் விழுந்தது. எண்ணம் ஒன்றுதான்: நாட்டின் உடல்நிலை கழிவில் தெரியும்.

மலத்தைப் பார்த்து நோயை அறிவது அந்தக் காலத்துச் சீனத்தில் மருத்துவர்களின் தனி ரகசியமாக இருக்கவில்லை. யுவே நாட்டு அரசன் கௌசியன் தோற்றுப்போய் வூ நாட்டில் கைதியாக இருந்தபோது, நோயுற்ற வூ அரசனின் மலத்தை வாங்கிச் சுவைத்து, உடல் சீக்கிரம் தேறும் என்று சொல்லி அவன் நம்பிக்கையைப் பெற்றான் என்று ஒரு பழங்கதை உண்டு. விடுதலை பெற்று ஊர் திரும்பியவன் பிற்பாடு வூ நாட்டையே அழித்தான். கதை நடந்ததோ இல்லையோ, கேட்டவர்கள் அதை நம்பக்கூடியதாக எடுத்துக்கொண்டார்கள் என்பது போதும்.

இன்னொன்றையும் கண்ணால் பார்க்க முடிகிறது. ஹான் காலத்துக் கல்லறைகளில் இறந்தவர் மறுமையில் பயன்படுத்துவதற்காகச் சுட்ட மண்ணில் சின்னச் சின்ன வீட்டுப் பொருட்களைச் செய்து வைத்தார்கள்: அடுப்பு, கிணறு, களஞ்சியம், காவல்கோபுரம். அவற்றில் அடிக்கடி கிடைப்பது பன்றிக் கொட்டிலோடு சேர்ந்த கழிப்பறை. சுவர் வைத்த ஒரு சதுர முற்றம். உள்ளே ஒரு பன்றி, சில சமயம் குட்டிகளோடு. முற்றத்தின் ஒரு மூலையில், உயரத்தில், கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதற்கு ஏறிப்போகப் படிக்கட்டு. உள்ளங்கையில் தூக்கிவிடக்கூடிய அளவில்கூட இந்தப் பொம்மைகள் உண்டு. கழிவு கீழே விழும், பன்றி தின்னும், மிச்சம் எருவாக வயலுக்குப் போகும். வயலிலிருந்து தானியம் வீட்டுக்கு வரும். கழிப்பறைக்கும் பன்றிக் கொட்டிலுக்கும் ஒரே சொல் இருந்ததன் காரணம் இதுதான். கல்லறைக்குள் கழிப்பறை கொண்டுபோனவர்கள் வானத்தில் அதை வைத்ததில் முரண் ஏதும் இல்லை. மலம் அவர்களுக்கு எறிந்துவிட்டு மறக்க வேண்டிய பொருளாக இருக்கவில்லை. கணக்கில் வந்தது.

இங்கே ஒரு சிக்கலைப் பார்க்க வேண்டும். மஞ்சள் நல்லது, நீலம் கெட்டது என்கிறது ஏடு. ஷி என்று நாம் இன்று அடையாளம் காட்டும் விண்மீன், தொலைநோக்கியில் பார்த்தால், சந்தேகமில்லாமல் நீலம். அப்படியானால் அது என்றென்றும் கேட்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறதா?

நம் கண்ணின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் சிக்கல் தளர்கிறது. விழித்திரையில் நிறம் அறியும் செல்கள் கூம்பு வடிவம். அவற்றுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்பவை கோல் வடிவச் செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது. ஷியின் ஒளி அளவு ஐந்தாவது வரிசையைச் சேர்ந்தது (எண் கூடக் கூட மங்கல்), வெறுங்கண்ணின் எல்லை ஆறு. இந்த மங்கலில் எந்த விண்மீனும் நிறமற்ற வெண்புள்ளியாகத்தான் தெரியும். ஹான் தலைநகரான சாங்ஆனிலிருந்து பார்த்தால் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் இருபது பாகை சொச்சம்தான் எழும்பியிருக்கும். தூசிக் காற்று அதை இன்னும் மங்கலாக்கியிருக்கும். சென்னையிலோ அது ஏறத்தாழ 45 பாகை உயரத்துக்கு வருகிறது, கன்னியாகுமரியில் இன்னும் அதிகம். இந்த விண்மீனைப் பார்க்க, பெயர் வைத்தவர்களைவிட நமக்கு வசதி அதிகம்.

ஆகவே மஞ்சள், நீலம் என்ற பேச்சு கண்ணால் கண்ட நிறத்திலிருந்து பிறந்திருக்க வாய்ப்பில்லை என்பதே என் எண்ணம். ஹான் காலச் சிந்தனையில் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறங்கள் ஐந்து பூதங்களுக்கும் திசைகளுக்கும் உரியவை. மஞ்சள் மண்ணின் நிறம், நடுவின் நிறம். விண்மீன்களின் நிறத்தை வைத்துப் பலன் சொல்லும் சூத்திரம் அந்த ஐந்தையும் எல்லா இடத்திலும் பொருத்தும். கழிப்பறைக்குக் கீழிருக்கும் விண்மீனுக்கு வந்தபோது, மற்ற எதிலும் இல்லாத பொருத்தத்தோடு அது உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். நீலம் என்று நான் எழுதிய அந்தச் சீனச் சொல் பச்சையையும் சேர்த்துக் குறிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அதன் பொருத்தம் புரியும்.

இனி, அந்தப் புள்ளி உண்மையில் என்ன?

அது நம்மிடமிருந்து ஆயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. அத்தனை தூரத்திலிருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது மங்கலான விண்மீனே அல்ல. தொலைவு அதை மங்கலாக்கியிருக்கிறது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். இதன் மேற்பரப்பு 30,000 டிகிரிக்கு மேல். அடுப்பில் இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். அதையும் தாண்டிச் சூடேறும் விண்மீனின் ஒளி நீலத்துக்குச் சாயும். அதன் ஒளியில் பெரும்பங்கு புற ஊதாக் கதிராகவே போய்விடுகிறது, அதை நம் கண்ணால் பார்க்க முடியாது. எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் சூரியனைப் போலப் பல்லாயிரம் மடங்கு ஆற்றலைக் கொட்டுகிறது.

நிறமாலை வகைப்பாட்டில் இது ஓ வகை. மிகச் சூடான, மிக அபூர்வமான வகை. பத்து லட்சம் விண்மீன்களை எண்ணினால் இதில் ஒன்று அகப்படுவதே கடினம். பொதுவான பேச்சில் இப்படிப்பட்டதை நீல ராட்சசன் என்று சொல்லிவிடுகிறோம். வானியலாளர்கள் ராட்சசன் என்ற சொல்லை இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள்: மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து அல்லது தீரும் தறுவாயில் வீங்கத் தொடங்கியதைத்தான் அப்படி அழைப்பார்கள். ஷி இன்னும் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டு நடு வாழ்க்கையில் இருக்கிறது. உண்மையான நீல ராட்சசன் ஒன்று இந்தக் கதையில் பின்னால் வரும்.

ஓ வகை விண்மீன்களுக்கு ஆயுள் குறைவு. சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு வாழும் என்றால் இவை சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரிந்து தீரும். பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போக இவற்றுக்கு நேரமே இருக்காது. அதனால்தான் இப்படிப்பட்ட விண்மீன்கள் பெரும்பாலும் தாங்கள் பிறந்த வாயு மேகத்துக்குள்ளேயே, கூட்டமாகக் காணப்படும். ஷி மட்டும் தனியாக, சுற்றிலும் மேகமோ சகோதரர்களோ இல்லாத வெறும் வெளியில் நிற்கிறது.

1954இல் அட்ரியான் பிளாவ், வில்லியம் மார்கன் என்ற இரண்டு வானியலாளர்கள் இதற்கு விடை சொன்னார்கள். ஷி எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளந்தார்கள். நம் கண்ணுக்கு அந்த நகர்வு மிகச் சிறியது; சீமா சியான் காலத்திலிருந்து இன்றுவரை வானத்தில் அது நகர்ந்தது நிலவின் அகலத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் அத்தனை தொலைவில் அந்தச் சிறு நகர்வுக்குப் பொருள் வேறு. நொடிக்கு நூறு கிலோமீட்டர் என்ற அளவில் அது ஓடுகிறது. அந்த வேகத்தில் போனால் பூமியிலிருந்து நிலவுக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஓடும் பாதையைப் பின்னோக்கி நீட்டினால் அது போய்ச் சேரும் இடம், ஓரையனின் வாளில் இருக்கும் ஒளிமேகம்.

பிளாவும் மார்கனும் இன்னொன்றையும் கண்டார்கள். வடக்கே, ஔரிகா மண்டலத்தில் ஏஇ ஔரிகே என்று ஒரு விண்மீன் உண்டு. அதே ஓ வகை, அதே நிறமாலை, கிட்டத்தட்ட அதே வேகம். அதன் பாதையைப் பின்னோக்கி நீட்டினாலும் அதே ஓரையன் மேகம். திசை மட்டும் நேர் எதிர். ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், ஒன்று வடக்கும் மற்றது தெற்குமாகத் தூக்கி எறியப்பட்டிருக்கின்றன. நடந்து ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள். அந்த வேகத்தில் இத்தனை காலம் போனால் தூரம் 800 ஒளியாண்டுகளைத் தாண்டும்.

எது எறிந்தது? இரட்டை விண்மீனில் ஒன்று வெடித்துச் சிதறும்போது மற்றது பிடி விட்டுப் பறந்துபோகும் என்பது ஒரு வழி. வேறு சில ஓடும் விண்மீன்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஒரே வகையான இரண்டு எதிரெதிராகப் பறந்தால் வேறு விளக்கம் வேண்டும். 1986இல் டக்ளஸ் கீஸ், தாமஸ் போல்டன் இருவரும் அதை முன்வைத்தார்கள். நெருக்கமான விண்மீன் கூட்டத்துக்குள் இரண்டு ஜோடிகள் ஒன்றையொன்று மிக அருகில் சந்தித்தன. நான்குக்கும் இடையே ஈர்ப்பு இழுபறி. கடைசியில் இரண்டு வெளியே வீசப்பட்டன. மீதி இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு புதிய ஜோடியாகின. வீசப்பட்டவை கொண்டுபோன ஆற்றலுக்கு ஈடாக அந்தப் புதிய ஜோடி இறுக்கமாக, கோணலாகப் பிணைந்தது. ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் துல்லியமாக அளந்த விண்மீன் நகர்வுகளை வைத்து 2001இல் செய்த கணக்கும் இதையே காட்டியது. இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது.

அந்த மிச்ச ஜோடி ஐயோட்டா ஓரையானிஸ், ஓரையனின் வாள் நுனியில் பளிச்சென்று தெரிவது. அதன் பெரிய விண்மீன் ஓ வகையில் முறைப்படி ராட்சசன் என்ற தகுதி பெற்றது. நான் சொன்ன நீல ராட்சசன் இதுதான். இரண்டும் 29 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. பாதை வட்டமல்ல, நீண்டு ஒடுங்கிய நீள்வட்டம். நெருங்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்றின் ஈர்ப்பு மற்றதைப் பிடித்து நசுக்கி வடிவத்தையே மாற்றுகிறது, வெளிச்சம் ஒரு துள்ளு துள்ளி அடங்குகிறது. இதயத்துடிப்பை வரையும் கோடு போல இருப்பதால் இப்படிப்பட்டவற்றை இதயத்துடிப்பு விண்மீன்கள் என்கிறார்கள். ஐயோட்டாவின் துடிப்பைப் பிரைட் என்ற சின்னஞ்சிறு செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன; அதை 2017இல் வெளியிட்டார்கள். கூடவே, அந்த ஜோடியின் இரண்டு விண்மீன்களும் ஒரே வயதுடையவையாகத் தோன்றவில்லை. சேர்ந்து பிறக்காமல், பிற்பாடு ஜோடி மாறிச் சேர்ந்தவை என்பதற்கு அது ஒத்துப்போகிறது.

சீன வரைபடத்தில் ஐயோட்டா எங்கே இருக்கிறது என்று பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது 'ஃபா'வின் ஒரு விண்மீன். தண்டிக்கும், வெட்டி வீழ்த்தும் அந்தக் கூட்டத்தில் மூன்றாவது. எறிந்த ஃபாவும் எறியப்பட்ட ஷியும் ஒரே ஷென் மனையின் அதிகாரிகள். உடல் வெளியேற்றியதற்கு இட்ட பெயர், பிறந்த வீடு வெளியேற்றிய விண்மீனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை, வெறும் தற்செயல். தற்செயல் என்று தெரிந்தே அதை நான் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

ஏஇ ஔரிகேக்கு ஓடும் வழியில் ஒரு தூசி மேகம் எதிர்ப்பட்டது. அதன் வெளிச்சத்தில் அந்த மேகம் எரிவதுபோல ஒளிர்கிறது, படமெடுப்பவர்களுக்கு மிகவும் பிடித்த இடம். ஷிக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. ஆனால் வெறும் வெளியில் நிற்பதே அதற்கு வேறொரு பயனைக் கொடுத்தது. நமக்கும் அதற்கும் நடுவே தூசி குறைவு, அதன் புற ஊதா ஒளியோ ஏராளம். ஹபிள் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவி அந்த ஒளியைப் பிரித்து, விண்மீன்களுக்கு இடையேயுள்ள மெல்லிய வாயுவில் எந்தெந்தத் தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தது. இடைப்பட்ட வெளியைச் சோதிக்கும் விளக்காக அது பயன்பட்டது.

பைனாகுலர் கையில் இருந்தால் இதை ஒரே இரவில் பார்த்துவிடலாம். முதலில் ஓரையனின் வாளைப் பாருங்கள். புகைபோலத் தெரியும் மேகத்துக்குக் கீழே பளிச்சென்று ஐயோட்டா. பிறகு வடக்கே திரும்பி, தலைக்கு மேல் ஏறக்குறைய 70 பாகை உயரத்தில், ஔரிகாவின் மங்கல் விண்மீன்களுக்கு நடுவே ஏஇ ஔரிகேயைத் தேடுங்கள். வரைபடம் இல்லாமல் அகப்படாது. பிறகு தெற்கே திரும்பி, சைஃபிலிருந்து இரண்டு முஷ்டி இறங்கி, முதியவருக்கும் மகனுக்கும் மேலே. கண்ணாடி கூட்டிக் கொடுக்கும் வெளிச்சத்தில் அந்தப் புள்ளிக்கு முதல்முறையாக ஒரு நிறம் வரும். வெண்மையில் ஒரு சொட்டு நீலம் கலந்தாற்போல.